நடுகல்லா, முள்ளுக்கத்திரியா?

ஞாயிற்றுக்கிழமைகளில், இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களையும் பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைகளையும் தேடிப் போவதும், மற்ற நாள்களில் வேலூர் வீட்டு மாடியில் கத்திரிச் செடிகளோடு பொழுதைக் கழிப்பதும் என் வழக்கம். இவ்விரண்டில் எதைத் தனி இணையதளமாக்கினால் வருமானம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனம் ஒரு பக்கம் சாய, கணக்கு மறு பக்கம் சாய்ந்தது.

எழுதுவதற்குப் பஞ்சமில்லாதது நடுகல் தளம்தான். செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்கள், மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைவித்த திருமால் கோயில், வள்ளிமலைச் சமணச் சிற்பங்கள், மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படை (மறைந்த மன்னரின் நினைவுக் கோயில்) என்று பழைய வட ஆர்க்காட்டுக்குள்ளேயே பத்தாண்டுகளுக்கான செய்தி கிடக்கிறது. ஆனால் நடுகற்களில் காணும் பழைய எழுத்தான வட்டெழுத்தைப் பற்றிப் படிக்க வருபவர் படித்து மகிழ்ந்து போய்விடுவார். அவருக்கு விற்க நம்மிடம் பொருள் இல்லை. எஞ்சுவது விளம்பரம். தளங்களில் விளம்பரம் இட்டுப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018-இலேயே தமிழை ஏற்றுக்கொண்டது என்றாலும், கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் அனுப்புகிறது. தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் கட்டணத்தில் அந்தத் தொகை சேர நெடுநாள் ஆகும். வாரக் கடைசியில் பத்துப் பேரை வேனில் அழைத்துச் சென்று கல்வெட்டைக் காட்டினால், விளம்பரத்தைவிட நல்ல தொகை கிடைக்கும். அதற்குத் தளம் அறிமுகச் சீட்டாக உதவும், அவ்வளவே. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து நாள்கணக்கில் தங்கும் வெளிமாநிலத்தவரையும் அழைக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் அது வேறு மொழியில் அமையவேண்டிய வேறு தளம்.

கத்திரித் தளத்துக்கு வருபவரோ தீர்வு தேடி வருகிறார். குருத்து ஏன் வாடித் தொங்குகிறது என்று தேடுபவருக்குத் தண்டுத் துளைப்பான் என்னும் புழுவைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதன் அந்துப்பூச்சியை வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிக்கும் வேப்பெண்ணெய்க்கும் இணைப்புக் கொடுத்தால், அவர் வாங்கும்போது நமக்குத் தரகு வரும். நிழல்வலை, குழித்தட்டு, தென்னை நார்க்கழிவு எல்லாமே இப்படித்தான். மாடித்தோட்டத் தளங்கள் ஏற்கெனவே ஏராளம் என்பது உண்மை. ஆனால் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் தொட்டிச் செடியைக் காப்பாற்றுவது எப்படி என்று மட்டும் எழுதினால் போட்டி வெகுவாகக் குறையும். (கத்திரி வெயிலில் கத்திரிக்காய் என்பது தளத்துக்கே பெயராகலாம்.) வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் ‘வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் அந்தப் பெயரைத் தேடி வருவோரும் இருப்பார்கள். இதில் எச்சரிக்கையும் தேவை: அந்தப் பெயரை இட்டு விற்கும் உரிமை பதிவு பெற்ற பயனாளர்களுக்கே உண்டு, விதை வணிகத்துக்கும் உரிமம் வேண்டும். ஆகவே விதை விற்பனையைத் தொடாமல், வளர்ப்புக் குறிப்புகளோடு நிற்பதே தொடக்கக்காரருக்கு நல்லது.

யூடியூபை இரண்டுக்கும் துணையாக மட்டுமே கருதுகிறேன். முழு விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது குறுங்காணொளிகளுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகளும்) வேண்டும். செடியைக் கவாத்து செய்வதை (கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவதை) காணொளியில் காட்டுவது எளிது. கல்வெட்டு வாசகத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க எழுத்தே ஏற்றது.

எனவே முதல் இணையதளப் பெயர்ப் பதிவு கத்திரிக்கு. நடுகல் தளத்தை விளம்பரமின்றித் தொடங்கி, வேன் புறப்படும் நாளை மட்டும் அதில் அறிவிக்கப்போகிறேன்.