ஓஸ்மும்டென்ஸ் ஃபாங் வாங்கலாமா?

எங்கள் கிளானில் புதிதாகச் சேரும் தம்பிகள், ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆன்லைன் விளையாட்டில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, விப்பை விற்றுவிட்டு ஃபாங் எடுக்கலாமா?" எடுக்கலாம். ஆனால் எதை அடிக்கப் போகிறாய் என்பதை முதலில் சொல். (விப் ஒரு சாட்டை, ஃபாங் ஒரு குத்துவாள்.)

2022 ஆகஸ்டில் டூம்ஸ் ஆஃப் அமாஸ்கட் ரெய்டு (பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளை வரிசையாக வெல்லும் சவால்) வந்தபோது கூடவே வந்த ஆயுதம் இது. பாலைவனக் கல்லறை, நாலு வழி, நாலு பாஸ், கடைசியில் வார்டன்கள். அங்கே முடிவில் அரிய பரிசைக் காட்டும் ஊதா ஒளி வந்தால் அது ஃபாங்காக இருக்க 24-ல் 7 வாய்ப்பு. அதே கல்லறையின் டுமெக்கன்ஸ் ஷேடோ என்ற மந்திரக்கோலுக்கோ 24-ல் 1 தான். ஃபாங் சந்தையில் சுலபமாகக் கிடைப்பதற்கும் அதன் விலை இறங்கிப்போனதற்கும் முக்கியக் காரணம் இதுதான். சுமாரான சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஏராளமாக விழுகிறது, அவ்வளவுதான்.

மற்ற வாள்களில் இல்லாத இரண்டு குணங்கள் இதில் உண்டு. முதலாவது, குத்து தவறினால், அடி படுமா என்பதை இன்னொரு முறை பகடை போல உருட்டிப் பார்க்கும். இரண்டாவது, விழும் அடி உன் மேக்ஸ் ஹிட்டில் (அதிகபட்ச அடியில்) 15 சதவீதத்துக்குக் கீழே போகாது, 85-ஐத் தாண்டாது. மேக்ஸ் ஹிட் 40 என்றால் 6 முதல் 34 வரை. சராசரி பழைய 20 தான், ஆனால் பாஸ் சாகும் தருவாயில் ஒன்றும் இரண்டுமாக விழுந்து கடுப்பேற்றும் அடிகள் இருக்காது. ஸ்பெஷல் அட்டாக் போட்டால் அந்த மேல் வரம்பும் விலகி முழு 40 வரை போகும்.

ஆயுதத்தின் உயிர் அந்த இரண்டாவது உருட்டலில்தான் இருக்கிறது. ஒரு பாஸுக்கு எதிராக உன் குத்து 30 சதவீதம்தான் படும் என்று வைத்துக்கொள். கல்லறைக்குள் ஃபாங்கோடு அது 51 ஆகிவிடும். 50 என்றால் 75. ஏற்கெனவே 90 படுகிற எதிரியிடம் 99. கல்லறைக்கு வெளியே உன் குத்து எண் மட்டும்தான் மறுபடி உருட்டப்படும், எதிரியின் தற்காப்பு எண் உருட்டப்படாது என்பதால் பலன் கொஞ்சம் குறையும், போக்கு மாறாது.

இனி வேகத்தைப் பார்க்கலாம். விப் 2.4 விநாடிக்கு ஓர் அடி, ஃபாங் 3 விநாடிக்கு ஓர் அடி. நிமிடத்துக்கு 25-க்கு 20. 30 சதவீத எதிரியிடம் விப்பில் ஏழெட்டு அடி படும், ஃபாங்கில் பத்து. 90 சதவீத எதிரியிடம் கணக்கு தலைகீழ்: விப்பில் இருபத்திரண்டு, ஃபாங்கில் இருபதுக்கும் கீழே. ஃபாங்கின் ஸ்ட்ரெங்த் போனஸ் 103, விப்புக்கு 82. அதனால் ஒவ்வொரு அடியும் பெரிதாக விழுந்து பாதி நஷ்டத்தை ஈடுகட்டும். ஆனால் சாதாரண ஸ்லேயர் வேலைக்கு (சொன்ன எதிரிகளைச் சொன்ன எண்ணிக்கைக்குக் கொல்வது) இத்தனை காசு கொட்டி வித்தியாசமே தெரியாமல் விளையாட வேண்டுமா? ஸ்ட்ரெங்த் திறனை மட்டும் ஏற்ற வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. விப்பில் அதைத் தனியாக ஏற்ற முடியாது, ஃபாங்கில் முடியும்.

தடித்த தோல் எதிரிகள்தான் இதற்குச் சரியான இரை. கல்லறைக்குள் அக்கா, (நம் அக்கா இல்லை, பாஸின் பெயர் அது) பா-பா, வார்டன்கள். வெளியே கார்பொரியல் பீஸ்ட். அதற்கு 2,000 ஹிட்பாயிண்ட், பெரும்பாலான ஆயுதங்களின் அடியைப் பாதியாக்கிவிடும். ஃபாங்கை ஸ்டாபில் (குத்தும் பாணியில்) வைத்தால் முழு அடியும் இறங்கும். வோர்காத் மாதிரி டிராகன்களுக்கு மட்டும் டிராகன் ஹன்டர் லான்ஸ் பக்கம் போய்விடு, போட்டியே இல்லை.

யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம்: நாலைந்து பேராகப் போய், டிராகன் வார்ஹாமரால் பாஸின் டிஃபென்ஸை முதலிலேயே நொறுக்கிவிட்டால் எல்லோருக்கும் அடி படத் தொடங்கிவிடும். அப்புறம் ஃபாங்கின் தனிச்சிறப்பு கரைந்துவிடும். அந்த நிலையில் க்ராஸி ரேபியர் வைத்திருப்பவன் விப் வேகத்தில் குத்தி முந்திக்கொள்வான். ஃபாங் தனி ஆளின் ஆயுதம்.

என்னைப் போல ஃபோனில் ஆடுபவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பையில் 28 கட்டம்தான். ஒவ்வொரு பாஸுக்கும் ஓர் ஆயுதம் என்று எடுத்துப்போனால் சாப்பாட்டுக்கு இடம் இருக்காது, அந்தச் சின்னத் திரையில் மாற்றி மாற்றித் தட்ட விரலும் வராது. ஃபாங் ஒற்றைக் கை ஆயுதம். இடது கையில் டிராகன் டிஃபென்டர் என்ற துணை ஆயுதத்தோடு ஒரு ரெய்டின் கைச்சண்டை முழுவதையும் அதை வைத்தே முடித்துவிடலாம். ஸைத் ஆஃப் விட்டூர் அரிவாளுக்கு ரத்த ரூன் கற்களை ஊற்றுவது போல இதற்கு எதையும் ஊற்ற வேண்டியதும் இல்லை. ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது.

அட்டாக் திறனில் 82-ஆம் நிலை இல்லாமல் இதைத் தூக்கவே முடியாது, அதுவரை விப் போதும். அந்த நேரத்தில் வாரியர்ஸ் கில்டில் டிஃபென்டரையும் பார்பேரியன் அசால்ட்டில் ஃபைட்டர் டார்சோ கவசத்தையும் முடித்துவிடு. இரண்டுக்கும் பெரிய பணம் தேவையில்லை. அவை இல்லாமல் கையிருப்பு மொத்தத்தையும் ஃபாங்கில் போட்டுவிட்டு, வெறும் ரூன் சட்டையோடு கல்லறை வாசலில் வந்து நிற்பவர்களை நான் ரெய்டுக்குக் கூட்டிப்போவதில்லை.