பழைய சில்வர்டோன் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? பணம் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நியூஜெர்சியில் பழைய எலக்ட்ரிக் கிட்டார் தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் 850 டாலர் ரொக்கமாகக் கொடுத்து ஒரு சில்வர்டோன் 1448 வாங்கி ஏமாந்தேன். விற்றவர் சொன்னதில் பாதி பொய். மீதியை அவர் சொல்லவே இல்லை. பணம் போனதைவிட, அதோடு வந்த ஆம்பை (ஒலியைப் பெரிதாக்கும் கருவி) என் மகள் கையில் கொடுத்திருப்பேனே என்று நினைக்கும்போதுதான் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

முதலில் அது என்ன கிட்டார் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சியர்ஸ் கடைகள் தங்கள் கேட்டலாக்கில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்ற மாடல். செய்து கொடுத்தது நேதன் டேனியலின் டேன்எலக்ட்ரோ கம்பெனி, இங்கே நெப்டியூன் ஊரில். எடிசனிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1962ல் வந்தபோது விலை 67.95 டாலர். பெட்டிக்குள்ளேயே ஆம்பும் ஸ்பீக்கரும் இருக்கும். பெட்டியைத் திறந்து நிறுத்தி, கிட்டாரைச் செருகி வாசிக்க வேண்டியதுதான். வீட்டில் ஆசைப்பட்ட பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற முதல் கிட்டார் அது. உடம்பு மொத்த மரம் கிடையாது. ஒரு மரச் சட்டத்தின் மேலும் கீழும் மேசோனைட் அட்டைப் பலகை ஒட்டியிருப்பார்கள். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் லிப்ஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். உவமைக்காகச் சொல்லவில்லை, லிப்ஸ்டிக் வருகிற அதே உலோகக் குழாய். இத்தனை சிக்கனமாகச் செய்தும் அதன் ஒலியில் ஒரு கணீர் உண்டு. கல்லூரி நாட்களில் கோயம்புத்தூரில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவன் நான். அந்த ஒலிமேல் எனக்கு நெடுநாள் ஆசை. மகளும் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

விளம்பரத்தில் "1962, முழுக்க அசல், எதுவும் மாற்றப்படவில்லை" என்று இருந்தது. போனேன். கராஜில் இன்னும் மூன்று பழைய கிட்டார்கள் தொங்கின. ஆள் நன்றாகப் பேசினார். "ஜிம்மி பேஜ் வாசித்ததும் இந்த கம்பெனி கிட்டார்தான், தெரியுமா?" என்றார். லெட் செப்பலின் கிட்டாரிஸ்ட் பேஜ் டேன்எலக்ட்ரோ வாசித்தது உண்மை. ஆனால் அது வேறு மாடல். அவர் பெயரைச் சொல்லி இந்த 1448ன் விலையை ஏற்றுவது நியாயமே இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் அப்போது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது.

கிட்டாரைக் கையில் கொடுத்தார். ஸ்ட்ரிங் மெத்தென்று அழுந்தியது, ஆக்‌ஷன் (ஸ்ட்ரிங்குக்கும் அதற்கு அடியிலிருக்கும் பலகைக்கும் நடுவே உள்ள உயரம்) தாழ்வாக இருந்தது. தன்னுடைய புது ஆம்பில் செருகித்தான் காட்டினார். பெட்டி ஆம்பைப் பற்றிக் கேட்டேன். "அது வேலை செய்யும், ட்யூப் சூடாக நேரம் ஆகும்" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார். அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ட்யூனரை வைத்துப் பார்த்தால், ஆறு ஸ்ட்ரிங்கும் ஒன்றரை ஸ்வரம் கீழே. E இருக்க வேண்டிய இடத்தில் C ஷார்ப். ஸ்ட்ரிங் மெத்தென்று இருந்த ரகசியம் இதுதான். சரியான சுருதிக்கு ஏற்ற ஏற்ற, கண் முன்னாலேயே நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீளமான பகுதி) வளைந்து, 12வது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஸ்ட்ரிங் எழும்பி நின்றது. மகள் F கார்ட் பிடித்துப் பார்த்துவிட்டு விரலை உதறிக்கொண்டு, "அப்பா, வலிக்குது" என்றாள்.

முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பார்த்தேன். நல்ல நிலையில் இருக்கிற நெக்கில் அந்த இடத்தில் கால் மில்லிமீட்டர் இருந்தால் போதும். என் கிட்டாரில் ஒரு டைம் (10 சென்ட்) நாணயம் உரசாமல் உள்ளே போய் வந்தது. டைம் நாணயத்தின் தடிப்பு 1.35 மில்லிமீட்டர். மற்ற கிட்டார் என்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும் திருகு கம்பி) சாவியால் திருகி நிமிர்த்திவிடலாம். இதில் திருகுவதற்கு எதுவும் கிடையாது. நெக்குக்குள் அசையாத இரும்புச் சட்டங்கள்தான் இருக்கின்றன. வளைந்தால் சூடு வைத்து நிமிர்த்த வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஃப்ரெட்டைப் பிடுங்கி, பலகையைச் சீவி, புது ஃப்ரெட் அடிக்க வேண்டும்.

பேஸ் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், பழைய வாத்தியம் நிறையப் பார்த்தவர். போனில் கேட்டதுமே, "தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று வருத்தப்பட்டார். அவர்தான் தனக்குத் தெரிந்த ரிப்பேர் ஆளிடம் அழைத்துப் போனார்.

ரிப்பேர் ஆள் நெக்கைக் கழற்றினார். அடியில் 1145 என்று முத்திரை. டேன்எலக்ட்ரோ எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இலக்கம் வருஷம். ஆக இது 1965ன் 11வது வாரம், 1962 கிடையாது. அடுத்து வால்யூம் பொட்டின் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகைக் காட்டினார். 1377614 என்று இருந்தது. 137 என்றால் சிடிஎஸ் என்கிற பொட் கம்பெனி, 76 வருஷம், 14 வாரம். டேன்எலக்ட்ரோ தொழிற்சாலை 1969லேயே மூடிவிட்டது. 1976ல் செய்த பொட் அசலாக எப்படி இருக்க முடியும்? பிக்கப்பிலிருந்து வரும் ஒயரும் புது பிளாஸ்டிக் உறை போட்டது, ஈயப்பற்று பளபளவென்று மின்னியது. குழாய் பழசு மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது பழைய பிக்கப் இல்லை என்றார்.

நட்டும் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் துண்டு) மாற்றியதுதான். அசலில் அலுமினியம் இருக்கும், இதில் வெள்ளை பிளாஸ்டிக். திருப்புளிகூட இல்லாமல் கராஜிலேயே நான் பார்த்திருக்கக் கூடியது இது. பிரிட்ஜை (உடம்பின் மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பாகம்) கழற்றியபோது திருகு ஓட்டைக்குள் ஸ்ப்ரே பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான வினைல் பட்டை மேலும் அதே கறுப்பு. கிட்டார் முழுவதற்கும் வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

கடைசியாக ஆம்பைத் திறந்தார். இதைத்தான் முக்கியமாகப் படிக்கச் சொல்கிறேன். இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. மின் ஒயருக்கும் ஆம்பின் உலோகச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பழைய கெப்பாசிட்டர். "இது உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் சட்டம் முழுக்கக் கரன்ட் வரும். கிட்டார் ஸ்ட்ரிங்கும் அந்தச் சட்டத்தோடுதான் சேர்ந்திருக்கிறது" என்றார். ஒரு கையில் ஸ்ட்ரிங்கைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு கையால் மைக்கையோ தண்ணீர்க் குழாயையோ பிடித்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்து மலிவு ஆம்ப் சிலவற்றில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரே இருக்காதாம். மூன்று முள் ஒயர் போட்டு, அந்தக் கெப்பாசிட்டரை எடுத்து, ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்றாமல் பழைய ஆம்ப் எதையும் சுவரில் செருகாதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தொடவே தொடாதீர்கள்.

நெக் வேலைக்கு 380, ஆம்புக்கு 160. இப்போது இருக்கிற நிலையில் இதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்து, "350" என்றார். நான் கொடுத்தது 850.

விலை பார்க்கும்போது நான் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். அறுபது வருஷம் ஆகிவிட்டது என்பதே ஒரு மதிப்பு என்று நினைத்துவிட்டேன். 67.95 டாலருக்கு விற்ற கிட்டாருக்கு ஃப்ரெட் மாற்றினாலும், 5,000 டாலர் கிட்டாருக்கு மாற்றினாலும் ரிப்பேர் ஆளுக்கு ஒரே உழைப்பு, ஏறக்குறைய ஒரே கூலி. விலை உயர்ந்த கிட்டார் அந்தச் செலவைத் தாங்கும். மலிவு கிட்டாரில் ஒரு நெக் வேலையே அதன் விலையில் பாதியைத் தின்றுவிடும். அதனால் இந்த மாதிரி கிட்டாருக்கு நெக் நேராக இருக்கிறதா, பிக்கப் அதனுடையதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். வருஷம், பெயர், யார் வாசித்தார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். இன்னொன்று: நான் விலையை ஒப்பிட்டது மற்ற விற்பனையாளர்கள் கேட்கிற தொகையோடு. கேட்கிற விலையை யார் வேண்டுமானாலும் போடலாம். உண்மையில் விற்று முடிந்த விலை என்ன என்று தேடிப் பாருங்கள். நான் தேடாமல் விட்டேன்.

விற்றவரை அழைத்தேன். முதலில், "போகும் வழியில் குளிர் பட்டு நெக் வளைந்திருக்கும்" என்றார். பொட் எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டீர்கள், ரொக்கம் கொடுத்தீர்கள், அதோடு முடிந்தது" என்று வைத்துவிட்டார். ரசீது கிடையாது. "முழுக்க அசல்" என்ற அந்த விளம்பரத்தையும் அன்று இரவே எடுத்துவிட்டார். நான் படம் பிடித்து வைக்கவில்லை. நீங்கள் விளம்பரத்தைப் பார்த்த உடனே படம் பிடித்து வையுங்கள்.

பார்க்கப் போகும்போது ட்யூனர், கேப்போ, ஒரு டைம் நாணயம் மூன்றும் பையில் இருக்கட்டும். சரியான சுருதிக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியபின் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள், அதற்குள் நெக் தன் நிலையைக் காட்டிவிடும். ஸ்ட்ரிங் அறுந்துவிடும், பழைய ஸ்ட்ரிங் என்று தடுத்தால், புது ஸ்ட்ரிங் நான் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நெக் அடி முத்திரை, பொட் முதுகு இரண்டுக்கும் படம் போகும் முன்பே கேளுங்கள். கழற்ற மாட்டேன் என்பவர் மாற்றிய கிட்டாரின் விலையைத்தான் கேட்க முடியும்.

நெக் வேலைக்குக் கொடுத்துவிட்டேன், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஆம்ப் வேலை முடிந்து வந்துவிட்டது, மூன்று முள் பிளக்கோடு. நேற்று அதே கராஜ் சுவர், அதே வாசகத்தோடு இன்னொரு விளம்பரம் வந்திருக்கிறது. இந்த முறை சிவப்பு. எடிசன் பக்கம் யாராவது அதைப் பார்க்கக் கிளம்பினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், சனிக்கிழமை என்றால் நானும் கூட வருகிறேன்.