தோசைக்கல் ஆம்லெட்டும் பிரெஞ்சு ஆம்லெட்டும்: எதற்கு எந்தச் சூடு?

வீட்டில் ஆம்லெட் சரியாக வருவதில்லை என்று யாராவது சொன்னால், அடுப்பைப் பற்றியோ சட்டியைப் பற்றியோ கேட்பதற்கு முன்பு, வெங்காயம் போடுவீர்களா என்றுதான் நான் கேட்பேன். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்த முட்டையை ஊற்றி, இருபுறமும் சிவக்க எடுப்பது நம் ஊர் வழி. வெறும் முட்டையை வெண்ணெயில் இட்டு, நிறம் மாறவிடாமல், உள்ளே இளகலாக இருக்கும்போதே சுருட்டி எடுப்பது பிரெஞ்சு வழி. இரண்டும் நல்ல வழிகளே. ஒன்றுக்கு உரிய விதியை மற்றொன்றில் புகுத்தும்போதுதான் முட்டை ரப்பர் போலாகிறது, அல்லது தண்ணீர் விட்டுக் கிழிகிறது. தீயைக் குறைத்து வையுங்கள் என்ற பிரெஞ்சு அறிவுரையை வெங்காய ஆம்லெட்டுக்கு அப்படியே பின்பற்றி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டை நீக்கிய ஒரு முட்டை ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். வெள்ளைக்கரு 62, 63 டிகிரி செல்சியஸில் இறுகத் தொடங்குகிறது. மஞ்சள்கரு 65 டிகிரிக்கு மேல் தடித்து, 70 டிகிரியை ஒட்டி இறுகுகிறது. இரண்டையும் கலந்து அடித்த முட்டை 73 டிகிரி அளவில் கெட்டிப்படுகிறது. அதற்கு மேலும் சூடு ஏறினால், முட்டையின் புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, தமக்கிடையே வைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். பிரெஞ்சு ஆம்லெட் முழுவதும் இந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே நடந்து முடிகிறது. தோசைக்கல் ஆம்லெட்டின் நோக்கமோ வேறு. அதன் மேற்பரப்பு சுமார் 140 டிகிரியைத் தொட்டால்தான் பழுப்பு நிறமும் முறுகல் மணமும் வரும். ஆனால் நடுப்பகுதி அந்தச் சூட்டைக் காணக் கூடாது. ஆகவே கல்லில் போடுவது முரட்டுச் சமையல், பிரெஞ்சு முறைதான் நுணுக்கமானது என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. வெளியே ஒரு சூடு, உள்ளே ஒரு சூடு என இரண்டையும் ஒன்றரை நிமிடத்துக்குள் கட்டுப்படுத்துவதற்கும் கைப்பழக்கம் வேண்டும்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், அது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. குறைந்த தீயில் அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் முட்டைக்கு அடியில் தங்கி, முட்டையை வறுப்பதற்குப் பதிலாக அவிக்கிறது. வெங்காயமும் பச்சை வாடையோடு நின்றுவிடுகிறது. நன்றாகக் காய்ந்த கல்லில் மட்டுமே அந்த நீர் உடனுக்குடன் ஆவியாகி, வெங்காயத்தின் ஓரம் கருகாமல் சிவந்து இனிப்பேறும். உப்பு விஷயத்திலும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. முட்டையில் உப்புச் சேர்த்துக் கால் மணி நேரம் வைத்திருந்தால், புரதங்கள் அளவுக்கு மீறி இறுகுவதை உப்பு தடுக்கும் என்பதால் ஆம்லெட் மென்மையாக வரும். அதே உப்பு வெங்காயத்தோடு கால் மணி நேரம் சேர்ந்திருந்தால், வெங்காயத்தின் தண்ணீரையெல்லாம் இழுத்துக் கொட்டிவிடும். எனவே உப்பை முட்டையில் முன்கூட்டியே கலந்து வைத்துவிட்டு, மிகப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைக் கல் காய்ந்த பிறகு, ஊற்றுவதற்குச் சற்று முன்பு மட்டும் சேர்ப்பதே சரி. சின்ன வெங்காயத்தில் பெரிய வெங்காயத்தைவிடத் தண்ணீர் குறைவு. உரிக்கும் பொறுமை இருந்தால் அதுவே மேல். பிரெஞ்சு முறையிலும் வெங்காயமோ காளானோ வைப்பதுண்டு, ஆனால் அவற்றைத் தனியாக வதக்கி நீர் வற்றச் செய்த பிறகே நடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். குறைந்த தீயில்தான் செய்வேன் என்பவர்கள் வெங்காயத்தை முதலில் வதக்கிக்கொள்வது ஒன்றே வழி.

கொழுப்பைத் தேர்ந்தெடுப்பதும் சூட்டைப் பொறுத்ததே. வெண்ணெயில் ஏறத்தாழ 16 விழுக்காடு தண்ணீர் இருக்கிறது; சட்டியில் உருகி நுரைத்து, அந்த நுரை அடங்கும் தருணம் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டது என்பதற்கான அடையாளம். வெண்ணெய் நிறம் மாறுவதற்குள் முட்டையை ஊற்றிவிட வேண்டும். இப்படி வெண்ணெயே சூட்டை அளந்து சொல்வதால்தான் பிரெஞ்சு முறைக்கு அது இன்றியமையாததாகிறது. காய்ந்த தோசைக்கல்லில் அதே வெண்ணெயின் பால்பொருள் நொடியில் கருகிக் கசக்கும். அங்கே நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோதான் பொருந்தும். நல்லெண்ணெயின் மணம் முட்டைக் கவிச்சியை அடக்குவது தனிச் சிறப்பு.

பாத்திரத்தில் தயக்கமே வேண்டியதில்லை. தட்டையான இரும்புக் கல்லில் முட்டையைச் சுருட்ட முடியாது. வளைந்த விளிம்புள்ள சட்டியில் கல்லின் முறுகல் ஓரம் வராது. பிரெஞ்சு முறைக்கு 20 சென்டிமீட்டர் அகலமுள்ள நான்ஸ்டிக் சட்டி போதும். அதை வெறுமனே வைத்து அதிகத் தீயில் காயவிடக் கூடாது, ஏனெனில் அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். இரும்புக் கல்லில் முட்டை ஒட்டுகிறது என்றால், பெரும்பாலும் கல் காயவில்லை அல்லது முட்டை குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறது. தெளித்த தண்ணீர் சுரீரென்று மறைய வேண்டும். அதன்பின் எண்ணெயைத் தடவி, தீயை நடுத்தரமாக்கி, முட்டையை ஊற்ற வேண்டும். முட்டைக்கென்று ஒரு கல்லைத் தனியே வைத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மறுநாள் தோசையில் வாடை வராமலிருக்க அது நல்ல வழக்கம்.

அடிக்கும் விதமும் வேறுபடுகிறது. கல் ஆம்லெட்டுக்கு நுரை வரும்வரை அடிக்கலாம். டீக்கடைகளில் டம்ளரில் கரண்டியை விட்டு அடிப்பது அதற்காகத்தான். பிரெஞ்சு முறைக்கு நுரை பகை. வெள்ளைக்கருவின் இழைகள் மறையும்வரை முட்கரண்டியால் கலக்கினால் போதும். மூன்று முட்டைக்கு 15 கிராம் வெண்ணெய் என்ற கணக்கில் ஊற்றி, ஒரு கையால் சட்டியை அசைத்தபடி மறு கையால் விடாமல் கிளறி, இளந்தயிர் போலத் திரண்டதும் கிளறுவதை நிறுத்தி, அடிப்பாகம் ஒன்றுசேரச் சில நொடிகள் விட்டு, விளிம்பை நோக்கிச் சுருட்டித் தட்டில் கவிழ்க்க வேண்டும். பால் சேர்ப்பதை நான் இரண்டு முறைகளிலும் பரிந்துரைப்பதில்லை. முட்டையின் சுவையை மெலியச் செய்வதோடு, கல்லின் சூட்டில் அது தண்ணீராகவே பிரிகிறது.

இளகிய முட்டையை விரும்புவது பிரெஞ்சுக்காரர்களுக்கே உரிய குணமன்று. கொங்கு நாட்டின் கலக்கி அதே இளகலைக் காய்ந்த கல்லிலேயே, சால்னாவின் துணையோடு, ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. உயரமான, பஞ்சு போன்ற ஆம்லெட்டுக்கு நார்மண்டியில் மோன் சேன் மிஷேல் தீவில் 1888-இல் தொடங்கிய பூலார் அம்மையாரின் விடுதி பெயர் பெற்றது; அங்கே முட்டையைச் செம்புப் பாத்திரத்தில் நெடுநேரம் அடித்து விறகுத் தீயில் வேகவைக்கிறார்கள். நம்மிடம் குழிக்கரண்டியில் ஊற்றி வேகவைக்கும் கரண்டி ஆம்லெட் இருக்கிறது. வீட்டில் உப்பிய ஆம்லெட் வேண்டுமென்றால் நான் கரண்டியைத்தான் எடுப்பேன், ஏனெனில் நுரை அடங்குவதற்குள் அதன் குறுகிய குழி முட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது.

யாருக்காகச் செய்கிறோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். சால்மோனெல்லா கிருமிக்கு அஞ்சி, முட்டைப் பண்டங்கள் உள்வரை 71 டிகிரியை எட்ட வேண்டும் என்கின்றன அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் ஆகியோருக்கு இளகிய பிரெஞ்சு ஆம்லெட்டையும் கலக்கியையும் தவிர்த்து, இருபுறமும் வெந்த கல் ஆம்லெட்டையே கொடுக்க வேண்டும். ரசம் சோற்றுக்கும் தயிர் சோற்றுக்கும் வெங்காயம் சிவந்த கல் ஆம்லெட்டுக்கு இணையில்லை. பிரெஞ்சு ஆம்லெட்டைச் சோற்றோடு வைத்தால் அதன் மென்மையே காணாமல் போகிறது. வெண்ணெய் தடவிய ரொட்டியோடு, செய்தவுடன், தனியாக உண்ண வேண்டியது அது. நான்கு பேர் காத்திருக்கும் காலை வேளையில் அதைத் தொடங்கவே கூடாது. ஒரு சட்டியில் மூன்று முட்டைக்கு மேல் ஊற்றினால் கட்டுப்பாடு போய்விடும், முதலில் எடுத்து வைத்ததோ கடைசி ஆள் உட்காருவதற்குள் தன் சூட்டிலேயே இறுகியிருக்கும்.