பழைய சூப்பர் 8 கலர் ரோலை வீட்டில் கழுவ எந்த வழி நல்லது?

மாமா எண்பதுகளில் துபாயிலிருந்து கொண்டுவந்த சூப்பர் 8 (8 மி.மீ. சினிமா பிலிம்) கேமராவோடு, படம் எடுத்துவிட்டுக் கழுவாமலே கிடந்த நான்கு கார்ட்ரிட்ஜ் கிடைத்தன. ஒன்று கோடாக்குரோம் 40, மற்ற மூன்றும் எக்டாகுரோம் 160, இரண்டுமே கோடாக் கம்பெனியின் கலர் பிலிம். கோடாக்குரோமில் இருப்பது செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் ரயில், கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் வரும்போது எடுத்தது என்றார். 1904-ல் வந்த அந்தப் பாதையை அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-ல் மூடி 2018-ல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த மீட்டர்கேஜ் வண்டியை இனி யாரும் போய் எடுக்க முடியாது, ரோல் கெட்டால் கெட்டதுதான்.

முதலில் கலர். கோடாக்குரோமுக்கு அந்த ஆசையே வேண்டாம். அதன் பிலிமில் சாயம் தரும் கப்ளர் கிடையாது, சாயம் மூன்றும் மூன்று தனித்தனி டெவலப்பரில்தான் வர வேண்டும், நடுவில் ஒரு பக்கம் சிவப்பு வெளிச்சம், மறுபக்கம் நீல வெளிச்சம் காட்ட வேண்டும். கடைசியாக அதைக் கழுவிய அமெரிக்க லேபும் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு ரோல் வாங்கவில்லை.

எக்டாகுரோமில் கப்ளர் பிலிமிலேயே இருப்பதால் இன்றைய E-6 கிட்டில் (கலர் ஸ்லைடு கழுவும் ரசாயனத் தொகுப்பு) போடலாம். நம் ஊர் வெயிலுக்கு 38 டிகிரியைப் பிடித்து வைப்பதும் சுலபம், பக்கெட்டில் வெந்நீர் இருந்தால் போதும். ஆனால் பழைய எக்டாகுரோம், எமல்ஷனை (படம் பதியும் ஜெலட்டின் பூச்சை) முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் கழுவும் முறைக்காகச் செய்தது. ஒரு முழம் வெட்டி 38-ல் போட்டேன், எமல்ஷன் தோசை ஓரம் மாதிரி சுருண்டு எழும்பிவிட்டது. சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டினால் எமல்ஷன் நிற்கும், ஆனால் மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் டெவலப் ஆகாது, கலர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்தது கறுப்பு வெள்ளை ரிவர்சல், அதாவது பிலிமிலேயே நேர்ப்படமாக வரும்படி கழுவுவது. புரொஜெக்டரில் நேரே ஓட்டலாம், அதுதான் இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் பழைய பிலிமில் வெளிச்சம் படாத இடத்திலும் ஃபாக் (வயதால் வரும் மங்கல் கறுப்பு) ஏறியிருக்கும். முதல் டெவலப்பர் அந்த ஃபாக்கையும் வெள்ளியாக்க, பிளீச் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும், கறுப்பாக வர வேண்டிய இடத்துக்கு மிச்சம் வெள்ளியே இருக்காது, படம் வெளுத்து நிற்கும். பிளீச்சும் லேசானதில்லை: பெர்மாங்கனேட்டும் கந்தக அமிலமும் கலந்தால் ஜெலட்டின் இளகும், டைக்ரோமேட் நச்சு, கிணறு இருக்கும் வீட்டில் அதைத் தொடவே கூடாது.

கறுப்பு வெள்ளை நெகட்டிவாகக் கழுவினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டெவலப்பர், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), தண்ணீர், அவ்வளவுதான். அதே ஃபாக் இங்கே படம் முழுக்க ஒரு சாம்பல் திரையாகத்தான் நிற்கும், ஸ்கேனர் வெளிச்சம் அதைத் தாண்டிப் போய்விடும். கோடாக்குரோமின் மஞ்சள் ஃபில்டர் அடுக்கும் வெள்ளிதான், அதுவும் போகாமல் பழுப்பாகத் தங்கும், அதையும் ஸ்கேனில் சரிக்கட்டலாம். டெவலப்பரில் கொஞ்சம் பென்சோட்ரையசோல் சேர்த்தால் ஃபாக் அடங்கும். புரொஜெக்டரில் ஓட்ட முடியாது என்பது மட்டும்தான் குறை.

கோடாக்குரோம் முதுகில் ஒட்டியிருக்கும் ரெம்ஜெட் கரியை மறந்துவிடாதீர்கள். வெங்காரக் கரைசலில் ஊறவைத்து, ஹைப்போ முடிந்ததும் ஈரப் பஞ்சால் அந்தப் பக்கத்தை மட்டும் துடைக்க வேண்டும். கரி எமல்ஷன் பக்கம் ஒட்டினால் கரும்புள்ளியாகவே நின்றுவிடும். 15 மீட்டரையும் பக்கெட்டில் அள்ளிப் போட்டுக் கழுவுகிறவர்களும் உண்டு, பிலிம் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழும். பிலிமை ஒன்றோடொன்று உரசாமல் சுருளில் பிடிக்கும் ருஷ்ய லோமோ டாங்க் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சூடுதான் இங்கே உண்மையான எதிரி. குழாய்த் தண்ணீரே 28 டிகிரி. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிராண்டு ரோல் கழுவிப் பழகிய ஸ்டுடியோ அண்ணாச்சி ஒருத்தர், "ஐஸைக் கரைசலுக்குள்ள போட்டுராத, கவர்ல கட்டி வெளிய வையி" என்றார். அப்படித்தான் 20-க்கு இறக்கி, கோடாக்குரோமை நெகட்டிவாகக் கழுவினேன்.

"ஏய்யா, கலர் கெடக்கட்டும், ரயில் தெரியுதா பாரு" என்று மாமா பக்கத்திலேயே நின்றார். தெரிந்தது. கண் கண்ணாகப் பாலம், மேலே புகை. மீதி எக்டாகுரோமையும் நெகட்டிவாகவே கழுவப் போகிறேன், மார்கழியில் தண்ணீர் தானே குளிரட்டும் என்று கார்ட்ரிட்ஜை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.