நோக்கியா 8110 4ஜி: என் கணக்குப் பக்கத்தை உள்ளே விட்ட போன்

குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறேன். கம்பத்திலிருந்து ஜீப்பில் வருகிற பெண்கள் எடுக்கும் பச்சைக்காயைச் சாயங்காலம் எடை போட்டு, ஆள்வாரியாக எழுத வேண்டும். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. மழையில் நோட்டு நனைந்தால் எழுத்து கரைந்துவிடும். அதனால் 2014-இல், வலைப்பக்கம் எழுதுகிற ஹெச்டிஎம்எல்லும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டுமாக ஒரு சின்னப் பக்கம் எழுதினேன். பெயர், கிலோ, அன்றைய மொத்தம், ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ என்று உலர்காய் எவ்வளவு தேறும் என்ற மதிப்பு, அவ்வளவுதான்.

அதை ஏற்றியது இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸில். 1,999 ரூபாய் போன், 128 எம்பி ராம், ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தருகிற மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளம். அதில் செயலி என்பதே வலைப்பக்கம்தான். மொசில்லா ஒரு செயலிக் கடை வைத்திருந்தது. ஆனால் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தத் தளமும் தன் செயலியை நேராகவே கொடுக்கலாம். கேபிள் போட்டுக் கணினியிலிருந்தும் ஏற்றலாம். எடை போட்டதும் போனைத் திருப்பிக் காட்டுவேன். “என் கிலோ எவ்வளவு தம்பி?” என்று கேட்கிற அக்கா தானே பார்த்துக்கொள்வார். எனக்கு அது பெரிய விஷயம்.

வாட்ஸ்அப் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸுக்கு முறையாக வரவே இல்லை. திறந்த போனாக இருந்தும் மக்கள் கேட்ட செயலி இல்லாதது அதற்குப் பெரிய அடி என்று நினைக்கிறேன். 2015 டிசம்பரில் ஸ்மார்ட்போன் முயற்சியை நிறுத்துவதாக மொசில்லா அறிவித்தது. அதன் மூலநிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்ததாக இருந்ததால், அதிலிருந்து பட்டன் போன்களுக்கான கைஓஎஸ் என்ற இயங்குதளம் கிளைத்தது. இந்த நோக்கியாவில் இருப்பதும் அதுதான்.

என் பழைய போன் போன பிறகு, கைஓஎஸ் என்று பார்த்துத்தான் வேறொரு பட்டன் போன் வாங்கினேன். கேபிளைப் போட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. செயலி வேண்டுமானால் கடையிலிருந்து மட்டும். எனக்குக் கோபமே வந்தது. உள்ளே ஓடுவது, வலைப்பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டுகிற ஃபயர்பாக்ஸின் அதே கெக்கோ இன்ஜின். நான் எழுதியதும் அதற்குப் புரிகிற மொழி. என் காசில் வாங்கிய போனில் என் பக்கத்துக்கு இடமில்லை. இரண்டு சீசன் மறுபடி நோட்டில் எழுதினேன்.

அப்புறம்தான் கம்பத்தில் இந்த 8110 பழையதாக 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. 2018-இல் புதிதாக வந்தபோது விலை 5,999. *#*#33284#*#* என்று அழுத்தினால் திரையின் மேலே சின்னப் பூச்சிப் படம் வரும். கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். கணினியில் பழைய ஃபயர்பாக்ஸ் 59-ஐப் போட்டு அதன் வழியாக ஏற்றினேன். தொடுதிரை இல்லாததால் பக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. 240-க்கு 320 திரையில் ஒரு நேரத்தில் ஐந்து பெயர்தான் வைத்தேன். மேல் கீழ் பட்டனில் நகர்ந்து, எண் பட்டனில் கிலோ. கை ஈரமாக இருக்கும்போது தொடுதிரையைவிட இதுவே நன்றாக இருக்கிறது. மூடியைச் சறுக்கி மூடினால் பட்டன்களில் மண்ணும் படாது.

வாட்ஸ்அப்புக்காக யாரும் இதை வாங்க வேண்டாம். கைஓஎஸ்ஸுக்கு வாட்ஸ்அப் தந்த ஆதரவு 2025 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. பேச, கணக்குப் போட, சொந்தமாக ஏதாவது எழுதி ஏற்ற வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். எல்லா கைஓஎஸ் போனிலும் அந்த எண் வேலை செய்யாது. கடையில் காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே அழுத்திப் பாருங்கள். பூச்சி வந்தால் வாங்குங்கள்.