ஆர்ச்சஸ் ஹாட் பிரஸ் தாள்: ஆயில் பிரிண்டுக்குத் தாங்குமா?

தாங்கும். கும்பகோணத்தில் வீட்டு மாடியில் ஆயில் பிரிண்ட், அதாவது எண்ணெய் மையால் தாளில் புகைப்படம் எடுக்கும் பழைய முறையில் படம் போடுகிறேன், ஐந்தாறு வகைத் தாள்களைப் பாழாக்கிய பிறகுதான் ஆர்ச்சஸ் கம்பெனியின் இந்த வழவழப்பான (ஹாட் பிரஸ்), 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) முழுக் காட்டன் தாளுக்கு வந்தேன்.

1904இல் ராலின்ஸ் வெளியிட்ட முறை இது. ஜெலட்டின் பூசிய தாளில் டைக்ரோமேட் என்ற, வெளிச்சத்துக்கு வினைபுரிய வைக்கும் உப்பின் கரைசலைத் தடவி, நெகட்டிவை வைத்து வெயில் காட்டினால் வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கழுவி ஊறவைத்தால் படாத இடம் தண்ணீரைக் குடித்து உப்பும், அங்கே எண்ணெய் மை ஒட்டாது; இறுகிய இடத்தில்தான் ஒட்டும். ஆக, தாள் தண்ணீரிலும் கிடக்கணும், அப்புறம் மை ஏற்ற மணிக்கணக்கில் பிரஷால் குத்துவதையும் பொறுக்கணும். முன்பு ஒரு கைத்தாள் வாங்கினேன், பார்க்க அத்தனை அழகு, ஆனால் நாலு குத்திலேயே நார் பிய்ந்து மையோடு வந்து, காவிரிப் படித்துறைப் படம் முழுக்கத் திட்டுத்திட்டாகிவிட்டது. ஆர்ச்சஸில் இதுவரை ஒரு நார்கூடக் கிளம்பவில்லை. தயாரிக்கும்போதே ஜெலட்டினால் சைஸ் செய்த (தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாதபடி பதப்படுத்திய) தாள் என்பதால் பூச்சும் நன்றாகப் பிடிக்கிறது. சொரசொரப்பான கோல்டு பிரஸ் வகை வேண்டாம், அதில் மை விட்டுவிட்டு விழும்.

100 மில்லி தண்ணீருக்கு 8 கிராம் ஜெலட்டின். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி 45 டிகிரியில் கரைக்கிறேன், கொதித்தால் உறையும் சக்தி போய்விடும். தாளை நனைத்து, மட்டம் பார்த்த கண்ணாடிமேல் ஒட்டி ஊற்றணும்; காய்ந்ததும் இன்னொரு பூச்சு.

நம் ஊரில் சிக்கலே வெயில்தான். சித்திரை வைகாசியில் ஜெலட்டின் உறையாமல் வழிந்து ஓடும், அதனால் மார்கழி, தை விடியற்காலையில் ஒரு கட்டுத் தாளுக்குப் பூசி, நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிடும். டைக்ரோமேட்டை மட்டும் அன்றன்றைக்குத்தான் தடவணும், புழுக்கத்தில் அது இருட்டிலேயே ஜெலட்டினை இறுக்கிவிடும். வெயில் காட்டிய தாளை ஊறவைக்க மாடித்தொட்டித் தண்ணீர் சூடாக இருந்தால் ஐஸ் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

விலை அதிகம்தான். 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாளை வாங்கி எட்டாக வெட்டினால் கட்டுப்படியாகிறது, பழகுவதற்கு அந்த அளவே போதும்.

டைக்ரோமேட் புற்றுநோய் தரக்கூடியது, கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், இங்கே எந்த வாய்க்காலும் கடைசியில் யாரோ ஒருவரின் வயலுக்குத்தான் போகிறது.