பெரும் புரவலரா, சிறு நன்கொடைகளா?

எம்.இ/சி.எப்.எஸ் எனும் நீடித்த களைப்பு நோய்க்கு அமெரிக்க அரசின் ஆய்வு நிதி நெடுங்காலமாகச் சொற்பம்தான். தனியார் கொடையை நாடுவோர் முன் இரு வழிகள் உள்ளன. இரண்டையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின் குழு பார்த்திருக்கிறது.

தொகை:
புரவலர்: ஹட்சின்ஸ் குடும்ப அறக்கட்டளை 2011இல் ஒரு கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது.
சிறு நன்கொடை: குடல் நுண்ணுயிர் ஆய்வுக்காகப் பொதுமக்களிடம் திரட்டியபோது, கவனத்தை ஈர்க்க லிப்கினே காரமிளகாயைக் கடித்துக் காட்ட வேண்டியிருந்தது. உலகறிந்த வைரஸ் ஆய்வாளருக்கு இந்த நிலை!

உழைப்பு:
புரவலர்: ஓர் ஆளை இணங்க வைத்தால் போதும், அந்த ஆளை எட்டுவதுதான் பாடு.
சிறு நன்கொடை: எழுந்து உட்காரவே முடியாத நோயாளிகளே பிரசாரமும் செய்கிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது.

நிலைப்பு:
புரவலர்: ஆர்வம் மாறினால் பணமும் நின்றுவிடும்.
சிறு நன்கொடை: சொட்டுச் சொட்டாக வந்தாலும், ஒருவர் விலகினால் வற்றாது.

நார்வேயிலும் நோயாளிகள் பணம் திரட்டி ரிட்டுக்ஸிமேப் என்ற மருந்தின் சோதனைக்குத் தோள்கொடுத்தார்கள். 151 பேரிடம் நடந்த அச்சோதனையில் மருந்து பலன் தரவில்லை என 2019இல் முடிவு வெளியானது. ஏமாற்றம்தான், ஆனால் வீண் சிகிச்சை ஒன்று தவிர்க்கப்பட்டது.

இரத்த மாதிரி வங்கி, பல மையக் கூட்டாய்வு என்றால் புரவலரையே தேடுங்கள். ஒரேயொரு கேள்விக்கான முன்னோட்ட ஆய்வுக்குச் சிறு நன்கொடை போதும். அதன் தரவு கையில் இருந்தால் அரசு நிதிக்கும் துணிந்து விண்ணப்பிக்கலாம்.